சாட்ஸ்வர்த்தில் மாநகராட்சிப் புகார்: குழாயடி முதல் கவுன்சில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் செய்தி முதலில் போய்ச் சேருவது தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு. பார்த்தவர்கள் படம் போடுவார்கள், ஒருவர் கவுன்சிலரைத் திட்டுவார், இன்னொருவர் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பார். மாலையில் விசாரித்தால் மாநகராட்சியில் ஒருவர்கூடப் பதிவு செய்திருக்க மாட்டார். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோருமே இருந்துவிடுவார்கள்.

கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்குப் பில் பார்த்துக் கொடுப்பதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. வருகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. பதிவு எண் மட்டும் இருக்காது. அந்த எண் இல்லாவிட்டால் அலுவலகத்தைப் பொறுத்தவரை குழாய் உடையவே இல்லை.

கீழே உள்ள வரிசை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியில் சாட்ஸ்வர்த் பகுதியை மனத்தில் வைத்து எழுதியது. ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் வாசிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்த தாளையோ எண்ணையோ கேட்கும் என்பதால், நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் திரும்பி வரத்தான் வேண்டியிருக்கும்.

1. பொறுப்பு யாருடையது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

தவறான கதவைத் தட்டுவதில்தான் அதிக நாள் வீணாகிறது. தண்ணீரைப் பொறுத்தவரை மீட்டர்தான் எல்லை. மீட்டர் வரையிலான குழாயும் மீட்டரும் மாநகராட்சியுடையவை. மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரும் குழாய் உங்களுடையது. உங்கள் பக்கத்தில் கசிந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். மாநகராட்சியைக் கூப்பிட்டால் ஆள் வந்து பார்த்துவிட்டு, தனியார் குழாய் என்று எழுதிப் புகாரை மூடிவிட்டுப் போவார்.

சாட்ஸ்வர்த்தில் மின்சாரம் வழங்குவது எத்தெக்வினியின் மின்சாரப் பிரிவு. தேசிய மின்நிறுவனமான எஸ்காமிடமிருந்து மொத்தமாக வாங்கி வீடுகளுக்குக் கொடுப்பது அவர்களே. ஆகவே வீதி முழுக்க இருட்டாகிவிட்டால் எஸ்காமை அழைப்பதில் பயனில்லை. தண்ணீரிலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு. சுத்திகரித்த நீரை மாநகராட்சிக்கு மொத்தமாக விற்பது உம்ங்கேனி-உத்துகேலா நிறுவனம். அவர்கள் பெருங்குழாயில் பராமரிப்பு வேலை செய்தால் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் குழாய் வறண்டுவிடும். அது உங்கள் தெருவின் பழுது அல்ல. முன்னறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு புகார் கொடுங்கள்.

சாலைகளிலும் பிரிவு இருக்கிறது. என்2, என்3 போன்ற தேசிய நெடுஞ்சாலைகள் சான்ரால் நிறுவனத்தின் பொறுப்பு. மாகாணச் சாலைகள் குவாசுலு-நட்டால் போக்குவரத்துத் துறைக்கு உரியவை. குடியிருப்பு வீதிகள் மாநகராட்சியுடையவை. வாயிற்கதவு போட்ட குடியிருப்பு வளாகத்துக்குள் ஓடும் பாதை வளாகத்தாருக்குச் சொந்தமானது. அங்கே பள்ளம் விழுந்தால் நிர்வாகக் குழுவைத்தான் கேட்க வேண்டும்.

இன்னும் சில விஷயங்களை மக்கள் கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஆர்.கே. கான் மருத்துவமனையில் நீண்ட வரிசை நின்றால் அது மாகாணச் சுகாதாரத் துறையின் விஷயம். அரசுப் பள்ளிகள் மாகாணக் கல்வித் துறையின் கீழ் வருகின்றன. முதியோர் உதவித்தொகை சாசா என்னும் தேசிய அமைப்பின் கையில் இருக்கிறது. அடையாள அட்டை உள்துறையிடம். இவற்றை மாநகராட்சியில் பதிவு செய்ய முடியாது. பதிவு செய்தாலும் எதுவும் நடக்காது.

உங்கள் வார்டு எண்ணையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். யூனிட் 3, யூனிட் 7 என்று நாம் பேசும் எல்லைகளும் வெஸ்ட்கிளிஃப், பேவியூ என்ற பெயர்களும் வார்டு எல்லையோடு ஒத்துப்போவதில்லை. 2021 தேர்தலின்போது எத்தெக்வினியில் 111 வார்டுகள் இருந்தன. தேர்தலுக்கு முன் எல்லைகளைத் திருத்தி வரைவது வழக்கம், ஆகவே பழைய ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு கவுன்சிலர்களுக்கு உரியதாக இருக்கலாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் வார்டு எண் கிடைக்கும்.

2. தொலைபேசியை எடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மாநகராட்சி பில்லை எடுத்து மேசையில் வையுங்கள். கணக்கு எண், மீட்டர் எண், பதிவான முகவரி மூன்றும் அதில் இருக்கின்றன. பழுது தெரிவிக்கும் இலவச எண்களும் அதிலேயே அச்சாகியிருக்கும். யாரோ முன்னனுப்பிய செய்தியில் வந்த எண்ணை நம்பி அழைக்காதீர்கள்.

முகவரியைப் பில்லில் உள்ளபடியே சொல்லுங்கள். சாட்ஸ்வர்த்தில் பெயருக்குப் பதிலாக எண்ணால் அழைக்கப்படும் சாலைகள் நிறைய உண்டு. டர்பனில் பெயர் மாறிய வீதிகளும் உண்டு. வயதானவர்கள் பழைய பெயரையே சொல்வார்கள், கணினியில் புதிய பெயர் இருக்கும், வேலையாட்கள் வேறு எங்கோ போய் நிற்பார்கள். பகுதி, சாலை, வீட்டு எண், பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ என்ற வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு என்றால் கம்பத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பகல் நேரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. இரவில் அது கண்ணுக்குத் தெரியாது. எண் அழிந்துபோயிருந்தால் எந்த வீட்டு வாசலில் இருக்கிறது என்று சொல்லுங்கள். “கோயிலுக்குப் பக்கத்து விளக்கு” என்றால் அங்கே நான்கு விளக்கு இருக்கும்.

படம் இரண்டு எடுங்கள். ஒன்று பழுதை அருகில் காட்ட வேண்டும். மற்றது தள்ளி நின்று, வீட்டு எண்ணோ பெயர்ப்பலகையோ தெரியும்படி எடுத்ததாக இருக்க வேண்டும். பள்ளத்தை மட்டும் எடுத்த படத்தைப் பார்த்து அது எந்தச் சாலை என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் படியில் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பில் இன்னமும் காலமான தாத்தா பெயரில் வந்துகொண்டிருக்கும். பழுதைப் பதிவு செய்ய அது தடையாகாது, யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். ஆனால் பில்லில் தகராறு, தவணை ஏற்பாடு, முதியோருக்கான வரிச்சலுகை என்று எது கேட்டாலும் கணக்குக்கு உரியவர் எங்கே என்று கேட்பார்கள். அப்போது இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் கொடுத்த கடிதம் வேண்டும். சொத்தின் மொத்த மதிப்பு 2,50,000 ராண்டுக்கு மேல் இல்லை என்றால் எளிய அதிகாரக் கடிதமே போதும். அதற்கு மேல் போனால் நிறைவேற்றாளர் நியமனக் கடிதம் தேவை. பில் பிரச்சினை வரும்வரை காத்திருக்காதீர்கள். தகராறும் வாரிசுரிமையும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தால் குடும்பமே இரண்டுபட்டுவிடுகிறது, பார்த்திருக்கிறேன்.

பெயரின் எழுத்துகளையும் சரிபாருங்கள். நாயுடு, பிள்ளை, முதலி போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. அடையாள அட்டையில் ஒரு விதமும் பில்லில் இன்னொரு விதமும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று காவல் நிலையத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

3. வீட்டிலேயே ஒரு சோதனை

தண்ணீர்ப் பில் திடீரென்று எகிறினால் உடனே அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டாம். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள், சலவை இயந்திரத்தை நிறுத்துங்கள், மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக் கூடாது. பிறகு மறுபடி படம் எடுங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு உங்கள் பக்கம். நகரவில்லை என்றால் கணக்கெடுப்பிலோ மீட்டரிலோ கோளாறு இருக்கலாம், அப்போதுதான் சண்டை போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

மீட்டரில் கறுப்பு எண்கள் கிலோலிட்டரைக் காட்டுகின்றன. ஒரு கிலோலிட்டர் 1,000 லிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர்கள். பில்லில் வருவது கறுப்பு எண்தான். சிவப்பையும் சேர்த்துப் படித்துவிட்டு, பில்லை விடப் பல மடங்கு அதிகம் ஓடியிருக்கிறது என்று பதறி வருகிறவர்கள் அதிகம்.

எண் நகர்கிறது, ஆனால் எங்கும் ஈரமில்லை என்றால் கழிப்பறைத் தொட்டியைச் சந்தேகியுங்கள். தொட்டித் தண்ணீரில் பலகாரத்துக்குப் போடும் நிறப்பொடி கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது. சின்ன வேலைதான், ஆனால் மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பில் பெரிதாகவே வரும்.

மின்சாரம் போனால் முதலில் எதிர் வீட்டைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் இருந்தால் உங்கள் வீட்டு மின்பலகையில் பாதுகாப்பு விசை விழுந்திருக்கலாம். எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு விசையை மேலே தள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகினால் எது விசையை விழவைக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கெட்டிலோ கீசரோதான். முன்பணம் கட்டும் மீட்டர் டோக்கனை ஏற்கவில்லை என்றால், 20 இலக்கங்களையும் சரியாக அழுத்தினீர்களா என்று இன்னொருவரைக் கொண்டு சரிபாருங்கள். 2024 நவம்பர் 24க்கு முன் மறுகுறியீடு (மீட்டரில் சிறப்பு எண்களை அழுத்திப் புதுப்பிப்பது) செய்யாமல் விட்ட பழைய மீட்டர்கள் புதிய டோக்கன்களை ஏற்காது. மூடிக் கிடந்த வீட்டையோ வாடகைக்கு விட்ட பின்வீட்டையோ இப்போது திறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வரலாம்.

மின்கம்பி அறுந்து கீழே கிடந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள்.

4. பதிவு செய்யுங்கள், எண்ணை வாங்குங்கள்

தொலைபேசியில் சொல்லலாம், மாநகராட்சியின் செயலியில் போடலாம், சிசகலா என்னும் மாநகராட்சி வாடிக்கையாளர் மையத்துக்கு நேரிலும் போகலாம். பழுது என்றால் தொலைபேசியோ செயலியோ போதும். பில் விஷயத்துக்கு நேரில் போங்கள், ஏனென்றால் அங்கே தாள்களைக் காட்ட வேண்டியிருக்கும்.

அழைப்பவருக்கு ஆங்கிலமோ சுலுவோ தடுமாறினால், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: எங்கே, என்ன, எப்போதிலிருந்து, என்ன ஆபத்து. உதாரணமாக: “மோர்ட்டன், இந்தச் சாலை, இந்த வீட்டு எண்ணின் வாசலில், நடைபாதைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது. இன்று காலை ஆறு மணியிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. பக்கத்து வீட்டுச் சுவரின் அடி மண்ணை அரிக்கிறது.” இவ்வளவே. கடந்த ஐந்து வருடக் கதையை ஆரம்பித்தால், எதிர்முனையில் இருப்பவர் எந்தப் பெட்டியில் இதை நிரப்புவது என்று தெரியாமல் பொதுவான ஏதோ ஒன்றில் போட்டுவிடுவார். அது வேறு பிரிவுக்குப் போய்விடும்.

ஆபத்தைச் சொல்வது மிகைப்படுத்துவதாகாது. மின்பெட்டியின் மேல் தண்ணீர் ஓடுகிறது, பள்ளிக்கூட வாசலில் சாக்கடை வழிகிறது, ரோபோ என்று நாம் சொல்லும் போக்குவரத்து விளக்கு வேலை செய்யாததால் சந்திப்பில் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்வது அந்த வரியை வைத்துத்தான்.

பேச்சை முடிப்பதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். எழுதிக்கொண்டு அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். “குறுஞ்செய்தி வரும்” என்று சொன்னாலும் விடாதீர்கள்; கணக்கில் பழைய கைபேசி எண் இருந்தால் அந்தச் செய்தி யாருக்கோ போய்ச் சேரும்.

ஒரு எண்ணுக்கு ஒரு பழுது. குழாயையும் தெருவிளக்கையும் குப்பையையும் ஒரே பதிவில் சொன்னால், மூன்றில் ஒன்றைச் சரிசெய்துவிட்டு முழுப் பதிவையும் மூடிவிடுவார்கள்.

எல்லா வீட்டாரும் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். தெருவில் ஒரு குழாய் உடைந்திருந்தால் ஒருவர் பதிவு செய்து, எண்ணைக் குழுவில் போட்டால் போதும். தண்ணீரோ மின்சாரமோ வராத நிலை என்றால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீடும் தனித்தனியே பதிவு செய்யட்டும். ஒரே ஒரு வீடு சொன்னால் அது அந்த வீட்டின் கோளாறாகத் தோன்றும். பல வீடுகள் சொன்னால்தான் வால்விலோ துணை மின்நிலையத்திலோ தேட வேண்டும் என்று புரியும்.

5. நோட்டுப் புத்தகமும் மூடப்பட்ட புகார்களும்

மலிவான நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், பேசியவரின் பெயர், பதிவு எண், அவர் சொன்ன பதில் ஆகியவை ஒரு வரியில் வரட்டும். கைபேசியில் வைத்திருப்பவர்கள் கைபேசி தொலைந்ததும் எல்லாவற்றையும் இழந்துவிடுகிறார்கள். அதோடு, கவுன்சிலர் முன்னால் நோட்டைத் திறந்து வைப்பதற்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் புதிதாகப் பதிவு செய்யாதீர்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். மாதம் முழுக்க அழைத்து ஆறு எண் வாங்கி வைத்திருப்பார்கள். அலுவலகக் கணக்கில் கடைசி எண்ணுக்கு ஒரு நாள் வயதுதான் ஆகியிருக்கும். பழைய எண்ணைச் சொல்லி, அதே பதிவில் மேல்நடவடிக்கை வேண்டும் என்று கேளுங்கள். தாமதத்துக்கு அந்தப் பழைய தேதிதான் சாட்சி.

வேலை நடக்காமலேயே “முடிந்தது” என்று வந்தால் காரணம் கேளுங்கள். அடிக்கடி வரும் பதில் “உள்ளே போக முடியவில்லை” என்பது. வாயிற்கதவு பூட்டியிருந்தது, நாய் குரைத்தது, அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. மீட்டர் மதிலுக்கு உள்ளே இருக்கும் வீடுகளில் இது வழக்கமாகிவிட்டது. பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரின் கைபேசி எண்ணைப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள், நாயைக் கட்டி வையுங்கள்.

குழாயைச் சரிசெய்துவிட்டுக் குழியை அப்படியே விட்டுப் போனார்கள் என்ற புகாரும் நிறைய வருகிறது. குழாய் போடுபவர்கள் வேறு, தோண்டிய இடத்தில் தார் போடுபவர்கள் வேறு. குழிக்குப் புதிய எண் வாங்குங்கள். அதில் பழைய எண்ணையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சீருடையில் வாசலில் வந்து நின்று, இணைப்பை மீட்டுத் தருகிறேன், ரொக்கம் கொடுங்கள் என்று கேட்பவருக்கு எதுவும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். உண்மையான ஆளிடம் உங்கள் பதிவு எண் இருக்கும்.

6. மேலே கொண்டுபோகும் வரிசை

நியாயமான காலம் காத்தும் நடக்கவில்லை என்றால் மேலே போங்கள். ஓடும் தண்ணீருக்கும் வழியும் சாக்கடைக்கும் மறுநாளே நான் கேட்கச் சொல்வேன். தெருவிளக்கு, பள்ளம் போன்றவற்றுக்கு இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வேன். இது என் கணக்கு. மாநகராட்சியின் விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த கதவு சிசகலா மையம் அல்லது அந்தப் பிரிவின் பகுதி அலுவலகம். அதன் பிறகுதான் வார்டு கவுன்சிலர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். கவுன்சிலர்களுக்கான நடத்தை விதி, சட்டப்படி அதிகாரம் தரப்பட்டாலன்றி மாநகராட்சி ஊழியர்களுக்கு நேரடியாகக் கட்டளையிட அவர்களைத் தடுக்கிறது. ஆகவே “ஆளை அனுப்புங்கள்” என்றால் அவர் தலையாட்டுவார், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. “இந்த எண்ணுள்ள பதிவு ஏன் நிற்கிறது என்று அந்தப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்” என்பது அவரால் செய்யக்கூடிய வேலை. எண்களைப் பட்டியலாக ஒரே பக்கத்தில் கொடுங்கள். குரல் பதிவுகள் வேண்டாம். அவருக்கு நாள் முழுக்க அவை வந்துகொண்டே இருக்கும்.

வார்டுக் குழு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 1998ஆம் ஆண்டு மாநகராட்சிக் கட்டமைப்புச் சட்டத்தின்படி கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை அதில் இருக்கலாம். ஒரே பழுது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் இது. தனி வீட்டுப் பில்லை இங்கே எடுத்துப் போகாதீர்கள், கூட்டம் திசை மாறிவிடும்.

அதற்கும் மேல், நகர மேலாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் போங்கள். அங்கேயும் பதில் இல்லை என்றால், அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். மாநகராட்சியிடம் நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று முதலில் கேட்பார்கள். அப்போது மேசையில் வைக்க வேண்டியது அந்த நோட்டுப் புத்தகம்.

7. பில் தகராறுக்குத் தனி வழி

பழுதுக்கான வழியில் பில்லைக் கொண்டுபோகாதீர்கள். இது நிதிப் பிரிவின் வேலை, சட்டமும் தனியாகப் பேசுகிறது. 2000ஆம் ஆண்டு மாநகராட்சி அமைப்புமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று காட்டும் சரியான பில்லை மாநகராட்சி தர வேண்டும் என்கிறது. கேள்வி கேட்கவும் சரிபார்க்கவும் வழி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

முதலில் பில்லில் வந்திருக்கும் அளவு மீட்டரைப் பார்த்து எழுதியதா, மதிப்பீடா என்று பாருங்கள். பல மாதம் மதிப்பீட்டிலேயே ஓடி, ஒருநாள் உண்மையான அளவை எடுக்கும்போது மீதம் முழுவதும் ஒரே பில்லில் வந்து விழும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் மீட்டரைப் படம் எடுத்து வைத்திருப்பவருக்கு இங்கே பேச்சு எளிது.

பிறகு எழுதுங்கள். 102ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு முக்கியமானது. குறிப்பிட்ட ஒரு தொகையில் தகராறு இருக்கும்போது அந்தத் தொகைக்காகக் கடன்வசூல் நடவடிக்கை எடுக்க மாநகராட்சிக்கு உள்ள பொது அதிகாரம் பொருந்தாது. “பில் ரொம்ப அதிகம்” என்பது அந்தப் பாதுகாப்பைத் தராது. “இந்த மாதப் பில்லில், இந்த மீட்டருக்கான தண்ணீர்க் கட்டணம் 6,400 ராண்ட் என்று வந்திருக்கிறது; மீட்டர் படத்தின்படி இந்த அளவு ஓடவில்லை; ஆகவே இந்தத் தொகையை மறுக்கிறேன்” என்று எழுத வேண்டும். எந்த மீட்டர், எந்த மாதம், எவ்வளவு என்ற மூன்றும் இருக்கட்டும்.

மற்ற எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். வீட்டு வரி, குப்பைக் கட்டணம், மின்சாரம் எதிலும் தகராறு இல்லை என்றால் அவற்றை நிறுத்தி வைக்க உங்களுக்குக் காரணம் இல்லை. தண்ணீர்க் கோபத்தில் முழுப் பில்லையும் நிறுத்தியவர்கள் மின்சாரத்தை இழந்திருக்கிறார்கள். மறுக்கும் பகுதியிலும் வழக்கமாக வரும் அளவுக்குக் கட்டுங்கள். ரசீதைக் கடிதத்தோடு இணையுங்கள்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் நாள் எண்ணத் தொடங்குங்கள். அதே சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட அலுவலர் எடுத்த முடிவுக்கு எதிராக, அறிவிப்பு கிடைத்த 21 நாட்களுக்குள் நகர மேலாளரிடம் காரணங்களோடு எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி அதில்தான் இருக்கும்.

8. விழாக்கள்: முன்கூட்டியே கேட்க வேண்டியவை

தைப்பூசக் காவடி, பெரிய வெள்ளியன்று நடக்கும் தீமிதி, ஆடி மாதத்து மாரியம்மன் கூழ் வழிபாடு ஆகியவற்றின்போது வரும் தொல்லைகளில் பாதி புகாருக்கு உரியவை அல்ல. முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டியவை. சாலையை மூடுவதற்கு மாநகரப் போலீசிடம் பேச வேண்டும். குப்பை அகற்ற மாநகராட்சியின் குப்பைப் பிரிவான டிஎஸ்டபிள்யூவிடம் சொல்லி வைக்க வேண்டும். சமூக மண்டபம் வேண்டுமானால் தேதி குறித்த அன்றே முன்பதிவு செய்யுங்கள். அன்றைக்குத் தண்ணீர் நிறுத்தும் பராமரிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

2,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளக்கூடிய இடத்திலோ வழித்தடத்திலோ விழா நடந்தால், 2010ஆம் ஆண்டின் விளையாட்டு மற்றும் கேளிக்கை நிகழ்ச்சிகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வருகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மத நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும். குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்து என்று போலீஸ் வகைப்படுத்தும். அதைப் பொறுத்துத்தான் ஆம்புலன்ஸ், தொண்டர்கள், வெளியேறும் வழி எல்லாம். கோயில் கமிட்டி இதைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது.

விழா முடிந்ததும் வாழை இலையையும் பிளாஸ்டிக் தட்டையும் ஒரே பையில் திணிக்காதீர்கள். ஆரஞ்சுப் பை மறுசுழற்சிக் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும், நீலப் பை தோட்டக் கழிவுக்கும் உரியவை. சோறு ஒட்டிய தட்டு கறுப்புப் பைக்குத்தான் போக வேண்டும்.

9. ஒரே பழுது திரும்பி வந்தால் பட்ஜெட்டில் எழுதுங்கள்

வருடத்துக்கு நான்கு முறை உடையும் குழாய்க்கு ஐந்தாவது பதிவு எண் தீர்வு தராது. அங்கே குழாயையே மாற்ற வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டு நிதி மேலாண்மைச் சட்டத்தின்படி அதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன், அதாவது மார்ச் முடிவுக்குள், வரைவுப் பட்ஜெட் கவுன்சிலில் வைக்கப்பட வேண்டும். பிறகு பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பைக் கவனியுங்கள். ஜூன் மாதம் கூட்டத்தில் கத்துவதால் பயனில்லை, எண்கள் அதற்குள் உறைந்துவிடும்.

எழுதத் தெரியாதவர்களை இதிலிருந்து ஒதுக்காதீர்கள். எழுத்தில் கருத்துக் கேட்கும்போது, எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் வந்தால் எழுதித் தர ஓர் ஊழியர் இருப்பார் என்று அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது அமைப்புமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஊழியரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பாட்டியை அழைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கேட்டு நேராகப் போங்கள்.

கருத்தில் அரசியல் வேண்டாம். சாலை, எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, கடந்த வருடத்தில் உடைந்த தேதிகள், ஒவ்வொன்றின் பதிவு எண், கேட்பது என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தெருவில் உள்ளவர்கள் கையெழுத்தோடு வீட்டு எண்ணையும் போடட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள்; ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகே கவுன்டரை விட்டு நகருங்கள்.